பாலாம்பாள் வீட்டு நான்கு பேட்டரிகள்

அப்துல் கஃபாரிடம் ஓட்டை இல்லாத சட்டை என்று இரண்டுதான் உண்டு. ஒன்று பெருநாளுக்கு எடுத்தது, இன்னொன்று மகள் சோயாவின் நிக்காஹ்வுக்கு எடுத்தது. மற்றதெல்லாம் வயிற்றுக்கு நேராகப் பொட்டுப் பொட்டாகத் துளை விழுந்தவை. பேட்டரி மேல் குனிந்து வேலை செய்கிறவனுக்கு ஆசிட் தெறிக்கிற இடம் அதுதான். தெறித்த அன்று ஒன்றும் தெரியாது. துவைத்துக் காயப்போட்டு எடுக்கும்போது துணி சல்லடையாகி இருக்கும். அவர் மனைவி சித்திகா இதற்காகவே அவர் துணிகளைத் தனி வாளியில் ஊறவைப்பாள். கல்யாணமான புதிதில் சேர்த்துப்போட்டுத் தன் நல்ல துப்பட்டா ஒன்றைப் பலிகொடுத்தவள் அவள். இருபத்தெட்டு வருடமாகியும் அதைச் சொல்லிக்காட்ட மறந்ததில்லை.

கஃபாருக்கு ஐம்பத்தேழு வயது. வீடு பல்லாவரத்தில். தாம்பரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இன்வெர்ட்டர், சோலார், யூபிஎஸ் என்று எதன் அடியில் பேட்டரி இருந்தாலும் அதைப் பார்க்கிற வேலை. முப்பத்தொரு வருடத்தில் ஜிஎஸ்டி ரோடு மூன்று தடவை அகலமாகிவிட்டது, கஃபாரின் இடுப்பு மட்டும் வருடத்துக்கு வருடம் குறுகிக்கொண்டே வந்தது. ஒரு பேட்டரி அறுபது கிலோ. தூக்காதே என்று டாக்டர் சொன்னார். டாக்டர் வீட்டு பேட்டரியையும் கஃபார்தான் தூக்கிவைத்தார்.

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: தண்ணி ஊத்துனீங்களா? உட்காரச் சொன்னாலும், மோர் கொடுத்தாலும், அதைக் கேட்டு முடித்துத்தான் மற்றது. காய்ச்சி வடித்த தண்ணீரைத் தவிர ஜனங்கள் எதை எதையோ ஊற்றுவார்கள். குரோம்பேட்டையில் ஒருவர் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை ஒரு மாதம் சேர்த்துவைத்து ஊற்றிவிட்டுத் தன் புத்தியை மெச்சிக்கொண்டார். இன்னொருவர் உப்புத் தண்ணீர் போர் குழாயைத் திறந்து நேராகப் பிடித்தார். ஆனால் கஃபார் அந்தக் கேள்வியைக் கேட்பது அதற்காக மட்டும் இல்லை.

பேட்டரிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. ஹைட்ரோமீட்டர். செல் மூடியைத் திறந்து, குழாயை விட்டு, ரப்பர் பந்தை அழுத்தி உறிஞ்சினால் உள்ளே இருக்கும் மிதவை ஓர் எண்ணைக் காட்டும். நல்ல பேட்டரி என்றால் பன்னிரண்டு நாற்பது. பதினொன்று ஐம்பதுக்கு வந்துவிட்டால் போகிற உயிர். தண்ணீர் ஊற்றிய உடனே மட்டும் இதைப் பார்க்கக் கூடாது. ஊற்றிய தண்ணீர் மேலாக நிற்கும், கனமான ஆசிட் அடியில் கிடக்கும். ஒரு நாள், இரண்டு நாள் சார்ஜ் ஏறிக் கொதித்துக் கலந்த பிறகுதான் குழாய் உண்மையைச் சொல்லும். இதை அவர் வீட்டுக்காரர்களுக்கு நன்னாரி சர்பத்தை வைத்து விளக்குவார். சிரப்பு அடியில், தண்ணீர் மேலே, கலக்காமல் மேலாக உறிஞ்சினால் சப்பென்றுதானே இருக்கும் என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருவர் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவர்தான் அஸ்தினாபுரம் ஸ்ரீநிவாசன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்து மூன்று வயது. நான்கு வருடத்துக்கு முன்னால் அவர் மனைவி பாலாம்பாளுக்கு நுரையீரல் சுருங்க ஆரம்பித்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற இயந்திரம் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இரவும் பகலும் ஓட வேண்டிய இயந்திரம். அஸ்தினாபுரத்தில் நாலு தூறல் போட்டாலே கரண்ட் போய்விடும். பெங்களூரில் இருக்கும் மகன் கேஷவ், இந்த வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் என்னோடு வந்துவிடுங்கள் என்று நின்றான்.

பாலாம்பாள் மாட்டேன் என்றுவிட்டாள். இங்கே படுத்துக்கிடந்தாலும் தெருவில் யார் போகிறார்கள் என்று சத்தத்திலேயே தனக்குத் தெரியும் என்றாள். கீரைக்காரம்மா சைக்கிளின் செயின் உரசுவது, எதிர்வீட்டுக்காரர் கேட்டை இழுப்பது, பக்கத்துத் தெரு பள்ளிக்கூட மணி எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மகன் வீட்டுப் பதினோராவது மாடியில் லிப்ட் சத்தத்தைத் தவிர என்ன கேட்கும் என்று கேட்டாள். அப்பாவும் பிள்ளையும் அரைநாள் வாதாடினார்கள். கடைசியில் மொட்டை மாடியில் சோலார், படிக்கட்டு அறையில் நான்கு பெரிய பேட்டரி என்று முடிவாயிற்று.

பேட்டரிகள் வந்த அன்று அவற்றை இணைத்துக்கொண்டிருந்தவர் கஃபார். கேஷவ் அவரைக் கூப்பிட்டு, இது எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஆறு வருடம் என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஸ்ரீநிவாசன் மனைவிக்கு வாக்குக் கொடுத்தார். "இந்த பேட்டரி தாங்கற வரைக்கும் நாம இங்கதான். நான் உன்னை எங்கேயும் கூட்டிண்டு போகமாட்டேன்." கேஷவும் அதற்கு ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டான். இது போனால் அடுத்த செட் கிடையாது, மறுபேச்சு இல்லாமல் கிளம்பிவிட வேண்டும் என்றான். பாலாம்பாள் சிரித்துவிட்டு, "ஆறு வருஷமா? நான் முந்திக்கறேன்" என்றாள்.

மாதம் ஒருமுறை கஃபார் வருவார். இருபத்துநான்கு செல்லையும் பார்ப்பார். அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல ஸ்ரீநிவாசன் நோட்டில் எழுதுவார். பிறகு பாலாம்பாள் படுத்தபடியே, பாய், என் ஆயுசு எப்படி இருக்கு என்று கேட்பாள். பன்னெண்டு நாப்பது மாமி, ஜம்முனு இருக்கு என்பார் அவர். நான்கு வருடமாக இதுதான் வழக்கம்.

கார்த்திகை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை வழக்கம் தவறியது.

அன்று காலை ஆறு மணிக்கே வண்டலூரில் ஓர் அடுக்குமாடியில் லிப்ட் பேட்டரிகளைக் கழற்றி மாற்றிவிட்டு வந்தார் கஃபார். இரவெல்லாம் மழை. வண்டியில் வரும்போதே இடுப்பிலிருந்து கால்வரை இழுத்தது. அஸ்தினாபுரம் வீட்டுப் படியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு கை சுவரைப் பிடித்தது. மேலே போனவுடன், எல்லா பேட்டரியிலும் தண்ணீர் அளவு காட்டும் மிதவை உச்சியில் நிற்பது அவர் கண்ணில் பட்டது. அப்பாடா, இன்றைக்கு ஊற்ற வேண்டியதில்லை என்று மனசு சொன்னது. களைத்த மனிதனுக்கு வேலை குறைந்தால் சந்தோஷம் வருமே ஒழிய சந்தேகம் வராது. முப்பத்தொரு வருடமாகக் கேட்ட கேள்வியை அன்று அவர் கேட்கவில்லை.

முதல் செல் பதினொன்று ஐம்பது. அடுத்தது பதினொன்று நாற்பத்தைந்து. இருபத்துநான்கும் அப்படியே. மீட்டரை வைத்துப் பார்த்தார். வோல்டேஜ் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கரண்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது மீட்டர் எந்த பேட்டரியையும் நல்லவன் என்றுதான் சொல்லும் என்பதால் அதை நம்பவில்லை. இருபத்துநான்கு செல்லும் ஒன்றாகக் கைகோத்துக்கொண்டு சாகுமா என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

"போயிடுச்சு சார்" என்றார்.

ஸ்ரீநிவாசன் எண்களை எழுதி முடித்தார். பேனாவை மூடினார். இதைக் கீழே வந்து பாலாவிடமும் சொல்லிவிடுங்கள், கேஷவுக்கும் போன் போடுகிறேன், அவனிடமும் நீங்களே சொல்லுங்கள் என்றார். ஸ்ரீநிவாசன் பக்கத்தில் நிற்க, கஃபார் இரண்டு இடத்திலும் சொன்னார். வருகிற புதன்கிழமை வண்டியோடு வருவதாகக் கேஷவ் சொன்னான்.

பாலாம்பாள் மட்டும் மூக்கில் குழாயோடு அவரை நேராகப் பார்த்து, "எல்லாமேவா பாய்?" என்று கேட்டாள்.

"எல்லாமே மாமி."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து கஃபார் பல்லாவரம் சந்தைக்குப் போனார். பழைய கேபிள், டெர்மினல் ஏதாவது தேறுமா என்று பார்ப்பது அவர் வழக்கம். நான்கு நாளைக்குப் பிறகு வெயில் அடித்தது. ஒரு தள்ளுவண்டியில் நன்னாரி சர்பத் வாங்கி ஒரு வாய் குடித்தார். சப்பென்று இருந்தது. இன்னாப்பா, வெறும் தண்ணியா கீது என்றார். வண்டிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கலக்கிக் குடி பாய்" என்றான்.

கஃபார் டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடியில் சிவப்பாகக் கிடந்தது சிரப்பு. உச்சியில் நின்ற மிதவைகள் நினைவுக்கு வந்தன. போன மாதம் அவர் கீழே முழுசாக வைத்துவிட்டு வந்த தண்ணீர் கேன் படிக்கட்டு அறை மூலையில் காலியாகச் சாய்ந்து கிடந்ததும் நினைவுக்கு வந்தது. அவருக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஊருக்கெல்லாம் சர்பத் பாடம் நடத்தியவனுக்கு ஒரு தள்ளுவண்டிக்காரன் பாடம் நடத்திவிட்டான்.

வீட்டுக்கு வந்து சித்திகாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு, பேசாமல் விட்டுவிடலாமா என்றும் கேட்டார். பிள்ளையிடம் போவது அவர்களுக்கு நல்லதுதான், பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, தனக்கும் மாதம் ஒரு மாடி ஏறுவது மிச்சம் என்று அடுக்கினார். அடுக்கியதெல்லாம் நியாயம்தான். அடியில் இருந்தது பயம். தண்ணீருக்கும் ஆசிட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மெக்கானிக்கை நாளைக்கு யார் கூப்பிடுவார்கள்?

சித்திகா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "நீங்க சொன்னப்போ அந்தம்மா இன்னா கேட்டுச்சு?"

"எல்லாமேவான்னு கேட்டாங்க."

"அப்ப போய்ட்டு வாங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அஸ்தினாபுரம் போனார். பதினொரு மணிக்கு வண்டலூரில் வேறொரு வேலை ஒத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் இரண்டு பெட்டிகள் பாதி நிரம்பித் திறந்துகிடந்தன. ஒரு முறை அளந்து பார்த்துவிடுகிறேன் சார் என்றார். ஸ்ரீநிவாசன் எதற்கு என்று கேட்டார். அளந்துட்டுச் சொல்றேன் என்று கஃபார் படியேறினார். பின்னாலேயே அவரும் ஏறிவந்தார், நோட்டு இல்லாமல்.

முதல் செல் பன்னிரண்டு நாற்பது. இரண்டாவது பன்னிரண்டு முப்பத்தைந்து. பாதி செல்லைத் தாண்டுவதற்குள் கஃபாருக்கு இடுப்பு வலி மறந்துபோயிற்று. குழாயைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். தப்பு என் மேலதான் சார், தண்ணி ஊத்துனீங்களான்னு கேக்காம அளந்துட்டேன், எனக்கு ஒத்தாசையா நீங்க ஊத்தி வெச்சிருப்பீங்க, பேட்டரி எல்லாம் நல்லா இருக்குது என்று ஒரே மூச்சில் சொன்னார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். அதற்கப்புறம் சந்தோஷப்படுவார் என்றும் எதிர்பார்த்தார்.

ஸ்ரீநிவாசன் இரண்டும் செய்யவில்லை. மெதுவாகப் படியில் உட்கார்ந்தார்.

"ஒத்தாசைக்கு ஊத்தலை பாய். நீங்க வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஊத்தினேன். சர்பத் கணக்கை நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். முப்பத்தஞ்சு வருஷம் பிசிக்ஸ் எடுத்தவன், எனக்குத் தெரியாதா?"

கஃபாருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்தவுடன் கோபம் வந்தது. அவர் லேசில் கோபப்படுகிறவர் இல்லை. முப்பத்தொரு வருடம் ஒரு சொல் தப்பாகச் சொல்லாமல் காப்பாற்றிவைத்த வாய்.

"என் வாயை வாடகைக்கு எடுத்துக்கினீங்களா சார்?" என்றார்.

ஸ்ரீநிவாசன் மறுக்கவில்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஒரு கீச்சுச் சத்தம் கொடுக்கும். நான்கு வருடமாக அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே படுத்திருக்கிறார். அது கேட்டால் எழுந்து இயந்திரம் ஓடுகிறதா என்று பார்ப்பார், மூலையில் இருக்கும் அவசர சிலிண்டரைத் தொட்டுப் பார்ப்பார், பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டு கரண்ட் வரும்வரை நிற்பார். கேட்காத ராத்திரியில், கேட்டதோ என்று எழுந்துவிடுவார். வேலைக்கு ஆள் வைத்தார்கள், நின்றுவிட்டாள். மறுபடி வைத்தார்கள், அவளும் நின்றாள். போன மாதம் குளியலறையில் நின்றபடியே தூங்கி விழப்போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"என்னால முடியலை பாய். அவகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன். முடியலைன்னு என் வாயால எப்படிச் சொல்றது? பேட்டரி போயிடுத்துன்னா அது யார் தப்பும் இல்லையே."

கஃபாரின் கோபம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மனிதரின் கண்ணுக்குக் கீழே கருத்துத் தொங்கியதை அவர் மாதாமாதம் பார்த்திருக்கிறார். செல்லைப் பார்த்த அளவுக்கு அதைப் பார்க்கவில்லை. அவருக்கும் காலையில் எழுந்து சாக்ஸ் போடுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடுகிறது. ஆனாலும் பொய் பொய்தான். தெரியாமல் சொன்னது வேறு, தெரிந்து விட்டுவைப்பது வேறு. மாமியிடம் நான் நிஜத்தைச் சொல்லித்தான் ஆகணும் சார் என்றார். ஸ்ரீநிவாசன் தலையை ஆட்டினார்.

கீழே பாலாம்பாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கஃபார் கட்டிலுக்கு எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் உட்கார்ந்து பேசியது அன்றுதான் முதல் தடவை.

"பேட்டரி நல்லா இருக்குது மாமி. அன்னிக்கு நான் அளந்தது தப்பு. இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்." ஸ்ரீநிவாசனைத் திரும்பிப் பார்த்தார். "சாருக்குத்தான் தாங்காது."

ஸ்ரீநிவாசன் நிலைப்படியிலேயே நின்றார். நான்தான் ஊத்தினேன் பாலா என்று தொடங்கினார். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள். அவளுக்கு நீளமாகப் பேச மூச்சு கிடையாது. கொஞ்சம் பேசி, கொஞ்சம் நிறுத்தித்தான் பேசுவாள்.

"வியாழக்கிழமை காலம்பற நீங்க கேனைத் தூக்கிண்டு படியேறினது கேட்டுது. இறங்கறச்சே காலி கேன் சத்தம் இல்லை, வெறுங்கையோட வந்தேள். ஒரு மணி நேரத்துல பாய் வந்தார்." மூச்சு வாங்கினாள். "அந்த சர்பத் கதையை நானும்தானே கேட்டிருக்கேன்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?" என்றார் அவர்.

"எல்லாமேவான்னு கேட்டேனே. நீங்க அப்பவாவது வாயைத் திறப்பேள்னு பார்த்தேன். திறக்கலை. இவ்வளவு நேர்மையான மனுஷன் திருட்டுத்தனம் பண்ற அளவுக்கு ஆயிடுத்துன்னா, இனிமே இவரை இங்கே பிடிச்சு வெச்சுக்கப்படாதுன்னு தோணித்து. போயிடலாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

அவள் சொல்லி முடித்துவிட்டாள் என்று இருவரும் நினைத்தார்கள். பிறகு இன்னும் மெல்லிய குரலில் சொன்னாள். "வாக்கை நானே திருப்பித் தந்துடறேன். கேஷவ்கிட்ட நானே பேசறேன். நீங்க போய்ப் படுங்கோ."

ஸ்ரீநிவாசன் படுக்கப் போகவில்லை. ஜன்னல் ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பாலாம்பாள் கஃபாரிடம் அந்த நான்கு பேட்டரிகளை என்ன செய்வது என்று விசாரித்தாள். சும்மா கிடந்தால் கெட்டுவிடும், அதனால் ஓடுகிற வீடாகப் பார்த்து வைக்க வேண்டும் என்றார் அவர். அப்படியே செய்யுங்கோ, மூச்சு மெஷின் வெச்சிருக்கறவா யாராவது இருந்தா அவாளுக்கே கொடுங்கோ என்றாள். பேசி முடித்துத் திரும்பியபோது ஸ்ரீநிவாசனின் தலை நெஞ்சில் தொங்கியிருந்தது. கண்ணாடி விரலிலிருந்து நழுவும் தறுவாயில் இருந்தது. கஃபார் எழுந்து போய் அதை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தார்.

அப்போது கரண்ட் போயிற்று.

மாடியிலிருந்து கீச் என்று இன்வெர்ட்டர் கத்தியது. கஃபாரும் பாலாம்பாளும் ஒரே நேரத்தில் நாற்காலியைப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. இயந்திரம் விட்ட இடத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பாலாம்பாள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் குழாய் ஓரமாக வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

கஃபார் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தேகால். வண்டலூர்க்காரர்கள் இன்னும் கொஞ்ச நேரத்தில் போன் அடிப்பார்கள். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துச் சத்தத்தை அணைத்தார்.

"நான் பாத்துக்கறேன் மாமி" என்றார், உதடு மட்டும் அசைய.

முக்காலியை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நகர்த்தி உட்கார்ந்தார். கரண்ட் வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை அவர் எழுந்திருக்கவில்லை.